பீங்கான் கடைப் புல்

குழாய் பதிக்க வந்தவர்கள் எங்கள் பூங்காவின் நடுப் புல்வெளியை அடியோடு கிளறிப் போட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு வந்தது அதற்கும் மேலே. மேலிருந்த கறுப்பு மண் அடியில் போய்விட்டது, அடியில் கிடந்த மஞ்சள் களிமண் மேலே வந்துவிட்டது. அதன்மேல் இயந்திரத்தை ஓட்டி நசுக்கி, "சமப்படுத்திட்டோம் மேடம்" என்று வேறு சொன்னார்கள். சமப்படுத்தினார்களாம்! கடப்பாரையைப் போட்டால் கடப்பாரை துள்ளிக்கொண்டு திரும்பி வந்தது.

இந்தப் பூங்காவுக்கு நான்தான் மேற்பார்வையாளர். மரம், செடி, புல், ஊஞ்சல், உடைந்த பெஞ்சு எல்லாம் என் தலையில். ஆனால் என் வயிறு எரிந்தது வேலையை நினைத்து மட்டும் இல்லை. என் அண்ணனை நினைத்து.

அண்ணன் கடைத்தெருவில் பீங்கான் சாமான் கடை வைத்திருப்பவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நடக்க நடக்கத்தான் கால் திரும்பும், உட்கார உட்கார அது நடையை மறந்துபோகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் வழவழவென்று தரை. அதில் கால் வைக்க அண்ணனுக்கு உயிர் போகிற பயம். நல்லவேளையாகப் பூங்கா வாசலை ஒட்டித்தான் வீடு. தினமும் காலையில் அண்ணி ஒரு தோள், நான் ஒரு தோள் கொடுத்து அழைத்து வந்து புல்லில் விடுவோம். விழுந்தாலும் அடிபடாது என்ற தைரியம் ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது. விழவும் செய்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம்வரை யாரும் பிடிக்காமல் போய்வரும் அளவுக்குத் தேறிய நேரத்தில்தான் குழாய்க்காரர்கள் வந்து இறங்கினார்கள்.

புல் போனதும் சுற்றிலும் இருக்கிற சிமென்ட் பாதையில் நடந்து பார்த்தார். முதல் நாளே குப்புற விழுந்து முட்டி கிழிந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த கூட்டமெல்லாம் ஓடி வந்து தூக்கியது. அடிபட்டதைவிட அவர்கள் தூக்கியதுதான் அவருக்கு வலித்திருக்க வேண்டும். அதோடு சரி. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"அண்ணா, கூடத்துக்குள்ளயாவது நாலு எட்டு வையேன்."

"புல்லு வரட்டும், நடக்கறேன்."

"புல்லு வர்ற வரைக்கும்?"

"உக்காந்திருக்கேன். உனக்கென்ன, நாற்காலி தேயுதா?"

நாற்காலி தேயவில்லை. கால்தான் தேய்ந்துகொண்டிருந்தது. அண்ணி வேட்டியை மாற்றிவிடும்போது நானே பார்த்தேன், வலது கெண்டைக்கால் தொளதொளவென்று தொங்கியது. அண்ணி என்னைப் பார்த்தாள், நான் அண்ணியைப் பார்த்தேன். இருவரும் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தோம். புல் வந்தே ஆகவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

குழாய் வேலைக்குப் பொறுப்பான இன்ஜினியர் சின்னப் பெண். நல்ல பெண்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். என் கத்தலை முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு மூட்டை விதையைக் கொண்டுவந்து இறக்கினாள். மூட்டைமேல் பச்சைப்பசேல் என்று ஒரு மைதானத்துப் படம்.

"இதைப் போட்டா ஒரே வாரத்துல பச்சை வந்துடும் மேடம்."

"வரும். அடுத்த மாசமே போயிடும்" என்றேன். "இதுக்கு மூணு வேளையும் தண்ணி வேணும், நாள் முழுக்க வெயில் வேணும். இங்க பாதி இடம் மர நிழல். அதுவும் போக, ஜனங்க மிதிச்சா இது படுத்துடும். எங்க புல்லு மிதிச்சா இன்னும் அடர்த்தியாகும்."

எங்கள் புல் என்று நான் சொன்னது, யாரும் நடாமல் இந்தப் பூங்காவில் எந்தக் காலத்திலிருந்தோ இருந்துவந்த குட்டைப்புல்லை. என் ஆட்கள் வைத்த பெயர் அது. கணுக்காலுக்கு மேல் வளராது, தரையோடு படரும், வெயில் நிழல் பார்க்காது. தோண்டியது நடுவில்தான், வேலி ஓரமாக அது இன்னும் மிச்சம் இருந்தது.

"சரி மேடம், உங்க இஷ்டம்" என்றாள் அந்தப் பெண். "ஆனா மழைக்கு முன்னாடி தரையில பச்சை தெரியணும். இல்லைன்னா மண்ணு கரைஞ்சு ஓடிடும்னு சிமென்ட் கல்லு பதிக்கச் சொல்லிட்டாங்க. அது என் கையில இல்லை."

சிமென்ட் கல்! அப்புறம் என் அண்ணன் ஜென்மத்துக்கும் எழுந்திருக்க மாட்டார்.

வேலி ஓரத்துப் புல் அப்போதுதான் கதிர் விட்டுக் காய்ந்திருந்தது. நானும் என் ஆட்களும் குனிந்து குனிந்து கையாலேயே உருவினோம். பஞ்சுபோல ஒட்டிக்கொள்ளும் சின்ன விதை. சேலையெல்லாம், தலைமுடியெல்லாம் விதை. களியைக் கொத்திக் கிளறி, கறுப்பு மண் கொண்டுவந்து கலந்து, கட்டி உடைத்து, பல்வாரியால் இழுத்துத் தரையைத் தயார் செய்தோம். விதை ஓரிடத்திலேயே கொத்தாக விழாமல் இருக்க ஈர மணலில் பிசிறிக்கொண்டு, ஒருமுறை கிழக்கு மேற்காகவும் ஒருமுறை வடக்கு தெற்காகவும் தூவினேன். வேறு யாரையும் தூவ விடவில்லை. நான் அப்படித்தான்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடையில் வாங்கின பழைய சரக்கா இது? பறித்த கையோடு தூவிய புத்தம்புது விதை! அண்ணனிடம் போய் அளந்தேன்.

"இன்னும் ஒரு வாரம். நீ செருப்பைத் துடைச்சு வை."

ஒரு வாரம் போனது. இரண்டு வாரமும் போனது. தண்ணீர் விடுகிறவர் குழாயைப் பிடித்துப் பிடித்துத் தோள் இறங்கிப்போனார். தரையில் ஒரு பச்சைப் புள்ளி இல்லை. எறும்பு தின்றதா என்று பார்த்தேன், இல்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தால் விதை போட்டது போட்டபடி, நனைந்து, குண்டாக, அசையாமல் கிடக்கிறது. திருட்டு விதையே, உனக்கு நான் என்னடி குறை வைத்தேன் என்று உட்கார்ந்து வாய்விட்டே கேட்டேன். நடைக்கு வந்த ஒருவர் தள்ளிப் போய்விட்டார்.

அண்ணன் வீட்டுப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. போனால், "என்ன, செருப்பு துடைச்சது துடைச்சபடியே இருக்கு?" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பு முன்னைப்போல இல்லை. நாற்காலியில் வேறு இன்னும் கீழே சரிந்து உட்கார ஆரம்பித்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணி ஒரு புகாரைக் கொண்டுவந்தாள். அண்ணன் படுத்ததிலிருந்து கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"கடைக்குப் பின்னாடி ஒரே புல்லா மண்டிக் கிடக்கு. குடோனுக்குள்ள போக வழியில்லை. உன் ஆளுங்க சும்மாதானே இருக்காங்க, ரெண்டு பேரை அனுப்பிப் பிடுங்கச் சொல்லேன்."

"என் ஆளுங்க சும்மா இருக்காங்களா? யார் சொன்னா?" என்று எகிறினேன். எகிறிவிட்டு நானே போனேன்.

போய்ப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சாமான் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடம் முழுக்கக் குட்டைப்புல். என் குட்டைப்புல்! பூங்காவில் கெஞ்சியும் வராதது இங்கே குப்பையில் கம்பளமாக விரிந்திருக்கிறது.

"அண்ணி, இங்க எதைக் கொட்டுனீங்க?"

"எதைக் கொட்டுவாங்க? பெட்டியில தட்டு உடையாம இருக்கத் திணிக்கிற காஞ்ச புல்லு. நைஞ்சு போனதைப் பின்னாடி போடுவோம். உன் பூங்காவுல வருஷா வருஷம் அறுத்துக் குடுப்பியே, அதேதான். இது போன வருஷத்துது."

போன வருஷத்தது. எனக்கு மண்டையில் யாரோ நங்கென்று குட்டியதுபோல் இருந்தது.

கத்தரிக்காய் வாங்கினால் புதுசு, மீன் வாங்கினால் புதுசு, விதை என்றாலும் புதுசுதான் உசத்தி என்று நினைத்துவிட்டேன். இந்தப் புல் வேறு ஜாதி. உதிர்ந்தவுடன் முளைத்தால் அடுத்து வரும் வெயிலில் கருகிவிடும் என்று அதற்குத் தெரியும்போல. அதனால் அடுத்த பருவம்வரை அது தூங்குகிறது. நான் தூவியது அத்தனையும் தூங்குமூஞ்சி விதை. விழித்துக்கொண்ட விதை என் அண்ணன் கடையில் தட்டுகளுக்கு மெத்தையாகக் கிடந்திருக்கிறது.

இருந்தாலும் ஒருமுறை சூடுபட்டவள் நான். இந்தத் தடவை சோதித்துப் பார்க்காமல் தரையில் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். கடையிலிருந்து இரண்டு வெள்ளைச் சாசர் எடுத்துவந்து, ஈரத்துணி விரித்து, ஒன்றில் புது விதையும் ஒன்றில் பழைய விதையும் பரப்பி, அண்ணன் பக்கத்து மேசையில் வைத்தேன்.

"துணி காயக் கூடாது. நீதான் பொறுப்பு."

"நான் என்ன கோழியா, அடைகாக்க?" என்றார். ஆனால் ஸ்பூனை எடுத்துக்கொண்டார். இடது கையால் ஊற்றினால் வலது பக்கத்துச் சாசர் எட்டவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஸ்பூனை வலது கைக்கு மாற்றினார். பாதித் தண்ணீர் மேசையில். அண்ணி துணியோடு ஓடி வந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். மேசை நனைந்தால் நனையட்டும்.

சில நாளில் அண்ணி மூச்சிரைக்கப் பூங்காவுக்கே வந்துவிட்டாள். "உங்க அண்ணன் கத்தறார், சீக்கிரம் வா." என்னமோ ஏதோ என்று செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அண்ணன் சாசரைத் தூக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். பழைய விதை அத்தனையும் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. புது விதை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"என் சரக்கு எப்படி?" என்றார்.

"உன் சரக்கா? என் பூங்காவுல அறுத்த புல்லு!"

"குடுத்துட்டல்ல? அப்புறம் என் சரக்குதான்."

இத்தனை மாதத்தில் நாங்கள் இப்படிச் சண்டை போட்டதே இல்லை.

குடோனில் இருந்த காய்ந்த புல் முழுவதையும் பூங்காவுக்குக் கொண்டுவந்தோம். விதையைத் தனியாக உதிர்க்க வேண்டியதில்லை. புல்லை அப்படியே மெல்லிசாகப் பரப்பினால் விதை தானாகக் கீழே இறங்கும், மேலே கிடக்கும் புல் ஈரம் காயாமல் காக்கும். ஆனால் அதில் உடைந்த பீங்கான் சில்லுகள் இருந்தன. நாளைக்கு ஜனங்கள் வெறுங்காலோடு நடக்கும் இடம்.

"என் கடையில உடைஞ்ச சாமானா? யார் சொன்னது?" என்றார் அண்ணன்.

ஒரு சில்லை எடுத்துக் காட்டினேன்.

"அது முன்னாடியே உடைஞ்சு வந்திருக்கும்" என்றார். "குடு, நானே பாக்கறேன். நீங்க பாத்தா பாதி விட்டுடுவீங்க."

அப்படித்தான் அவர் வீட்டை விட்டு வெளியே வந்தார். நானும் தண்ணீர் விடுகிறவரும் இரண்டு தோள் கொடுத்துக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம். வாசலுக்குப் பக்கத்து மரத்தடியில் நாற்காலி போட்டு, மடியில் ஒரு முறத்தை வைத்தோம். பிடி பிடியாகப் புல்லை வாங்கி, இரண்டு கையாலும் கலைத்து, சில்லைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். டப்பா நிறைய நிறையக் கடைக்காரரின் முகம் சுருங்கியது. "இவ்வளவா உடைச்சிருக்கோம்?" என்று அண்ணியைப் பார்த்தார். "நாம இல்லை, நீங்க" என்றாள் அண்ணி.

புல்லைப் பரப்பி, பழைய டிரம்மை உருட்டி லேசாக அழுத்தி, சுற்றிலும் கயிறு கட்டினோம். ஒரு வாரத்தில் சருகுக்கு நடுவே ஊசி ஊசியாகப் பச்சை தெரிந்தது. நான் தரையில் மண்டிபோட்டு முத்தமே கொடுத்திருப்பேன், ஆட்கள் பார்க்கிறார்களே என்று விட்டேன். முதல் மழைக்கு முன்னாலேயே இன்ஜினியர் பெண் வந்து பார்த்தாள். போனில் படம் எடுத்து எங்கோ அனுப்பினாள். "கல்லு வேண்டாம்னு சொல்லிட்டேன் மேடம்" என்று சிரித்தாள். அந்தப் பெண்ணை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஆனால் முளைத்த புல்லில் உடனே நடக்க முடியாது. வேர் இறங்கிப் பின்னிக்கொள்ளும்வரை யாரும் மிதிக்கக் கூடாது. கயிறு என்று ஒன்று கட்டியிருக்கிறோமே, அதை ஜனங்கள் தாண்டுவதற்கென்றே கட்டியதாக நினைக்கிறார்கள். அண்ணனால் பொறுக்க முடியவில்லை.

"என் புல்லை நான் பாத்துக்கறேன். என்னைத் தினமும் கொண்டுபோய் அங்க உக்கார வை."

உட்கார வைத்தோம். மழை நாளில் குடையோடு. உட்கார்ந்த இடத்திலிருந்தே அதட்டுவார். குழந்தைகள் பயந்தார்கள். நாய்கள்கூடப் பயந்தன. பயப்படாதவர் ஒரே ஒருவர், போனில் பேசிக்கொண்டே நடக்கிற மனிதர். அவருக்குக் காதும் கண்ணும் போனுக்குள் இருக்கும். ஒரு நாள் அவர் பேசிக்கொண்டே கயிற்றைத் தாண்டி, இளம் புல்லில் குறுக்கே இறங்கிவிட்டார்.

"யோவ்! போன்காரரே! யோவ்!"

கேட்டால்தானே? நான் எதிர்ப்பக்கம் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தேன். கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடி நின்றது. அண்ணன் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்துவிட்டார். குடையை ஊன்றிக்கொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு, சிமென்ட் பாதையிலேயே, வலது காலை இழுத்து இழுத்து, போகிறார்! பாதை வளைகிற இடம்வரை போய், குடையால் போன்காரரின் முதுகில் ஒரு தட்டு. அந்த ஆள் பதறியடித்து வெளியே குதித்து மன்னிப்புக் கேட்டார். அண்ணன் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, திரும்பி நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

நான் இவ்வளவு நேரமும் என் காலுக்கே தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தண்ணீர் விடுகிறவர் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். எனக்கும் புரிந்தது. சிமென்டில் நடந்தாய் என்று சொன்னால் அண்ணன் பயந்துவிடுவார். என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்த அதிசயம் அன்றைக்குத்தான் நடந்தது.

அன்று முதல் எங்களுக்கு ஒரு ரகசிய வேலை. தினமும் நாற்காலியை வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டோம். "யாரு இதை இங்க போட்டது?" என்று திட்டுவார். திட்டிக்கொண்டே வருவார். முதலில் என் தோளைப் பிடித்தார், பிறகு கையை, பிறகு குடையை மட்டும். அண்ணி வீட்டில் அவருடைய கெண்டைக்காலைப் பார்த்துவிட்டு வந்து என் காதில் சொல்வாள். அப்போதெல்லாம் இருவரும் சின்னப் பெண்களைப்போலச் சிரிப்போம்.

மழைக்காலம் முடிந்தபோது புல் நன்றாகப் பின்னிப் படர்ந்துவிட்டது. கையால் பிடித்து இழுத்துப் பார்த்தேன், மண்ணைக் கவ்விக்கொண்டு வர மறுத்தது. ஒரு காலையில் நானே கயிற்றை அவிழ்த்தேன். அண்ணி வந்திருந்தாள், ஆட்கள் வந்திருந்தார்கள், போன்காரர்கூட போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றார்.

"வா அண்ணா. நீதான் முதல்ல. நட."

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து ஓரத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணா? பயமா இருக்கா? நான் பிடிச்சுக்கறேன்."

"பயம் என்ன பயம்" என்றார். செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, குடையை ஊன்றி, சிமென்ட் பாதையில் வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "நில்லு! இவ்வளவு பாடு பட்டு யாருக்காகப் போட்டேன்னு நினைக்கற? உனக்காகத்தான் போட்டேன்!"

அவர் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"தெரியும்டி" என்றார். "அதான் மிதிக்க மனசு வரலை."

அண்ணி அவரைப் பிடித்துக்கொள்ள ஓடப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வெட்கமாகவும் இல்லை.

"விடுங்க அண்ணி. அவரே போயிடுவார்."

அவரே போனார். பூங்கா வாசலைத் தாண்டி, வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்து, உள்ளே போய், அங்கிருந்தே காப்பி கேட்டுச் சத்தம் போட்டார்.